துரை உதைத்த மாவிளக்கு

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் என் மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாகச் சமையலறை வாசலில் நின்று, "அம்மா, எனக்கு நாடகத்துல மெயின் ரோல். மாவிளக்கு எப்படிம்மா போடுறது?" என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. கோயில், பூஜை என்றால் காதில் ஒயரை மாட்டிக்கொள்கிற பெண். பத்தொன்பது வயதில் சாமி விஷயமாக அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அவள் படிப்பது ஆங்கில இலக்கியம், இரண்டாம் வருஷம். என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, இங்கிலீஷைப் பாடமாக எடுத்துப் படிக்கிற முதல் ஆள் அவள்தான். நான் பத்தாவது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி மேற்கு மாம்பலத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரருக்குத் தி.நகரில் லைனிங் துணிக் கடை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், பஸ் போர்டிலும் மாத்திரை அட்டையிலும் இருப்பதுதான்.

"என்ன கதைடி?"

"நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கம் அதிகாரியா இருந்த ஒரு வெள்ளைக்காரர் எழுதினதும்மா. ஒரு கிராமத்து அம்மா, குழந்தைக்குக் காய்ச்சல்னு கோயில்ல வயித்து மேல மாவிளக்கு வச்சுப் படுத்திருக்கா. அந்த வழியா துரை குதிரையில வர்றார். அப்புறம்... நீயே வந்து பாரேன்."

அந்த 'அப்புறம்' என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரிய கோயில்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துரை கதை உண்டு. துரை முதலில் அலட்சியமாக ஏதாவது பேசுவார். அன்றைக்கே சாமி ஏதோ ஒன்றைக் காட்டிவிடும். மறுநாள் துரை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டு, தங்கத்தில் ஏதாவது செய்து போடுவார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆகவே இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். நம் அம்மன் பெருமையை இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறான், அதில் என் பெண் நடிக்கிறாள், இதைவிட வேறென்ன வேண்டும்?

"மைதாவைப் பிசைஞ்சு ஒரு உருண்டை குடுத்தாப் போதும்மா. மேடைக்குத்தானே."

"பொய்யா மாவிளக்கு போடக் கூடாதுடி" என்றேன்.

வெள்ளிக்கிழமை உடை போட்டு ஒத்திகை. பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு விடியற்காலையில் தலைக்குக் குளித்து, பச்சரிசியை ஊறவைத்து வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி, ஈரம் முழுதும் போகுமுன்னே அரைத்துச் சலித்தேன். மிக்ஸியில்தான். வெல்லத்தைப் பொடித்துப் போட்டு, ஏலக்காய் தட்டிச் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்தேன். நைவேத்தியம் ஆகும்வரை ருசி பார்க்கக் கூடாது, அதனால் வெல்லம் சரியாக இருக்கிறதா என்று கையில் ஒட்டுகிற மாவின் நிறத்தை வைத்துத்தான் சொல்வது. நடுவில் குழி செய்து, நெய் ஊற்றிப் பஞ்சுத் திரி போட வேண்டும். அதுவரை நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. 'தாயே, இந்தப் பிள்ளை தடுமாறாமல் நடிக்க வேண்டும்' என்று வேண்டிக்கொண்டுதான் பிசைந்தேன்.

முந்தின நாளே கூடத்தில் பாயைப் போட்டு அவளைப் படுக்கவைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தேன். முதலில் வயிற்றில் ஈரத் துணி, அதன் மேல் வாழையிலை, இலை மேல் மாவிளக்கு. சூடு தெரியவே தெரியாது. மூச்சை இழுத்து விடக் கூடாது, விளக்கு ஆடும். கண்ணை மூடிக்கொண்டு யாருக்காகப் படுத்திருக்கிறோமோ அந்த முகத்தை நினைக்க வேண்டும். திரி தானாக மலையேறும் வரை எழுந்திருக்கக் கூடாது. விளக்கு 'அணைந்தது' என்று வாயால்கூடச் சொல்ல மாட்டோம்.

"நீ யாருக்காகம்மா படுத்த?" என்று படுத்தபடியே கேட்டாள்.

"உனக்காகத்தான். நாலு வயசுல உனக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலயே கெடந்தோம்."

"அப்போ மருந்து குடுக்கலையா?"

"மருந்தும் குடுத்தேன், விளக்கும் போட்டேன். ஒண்ணு போட்டா இன்னொண்ணு கூடாதுன்னு யார் சொன்னா?"

அவள் சிரித்தாள். வயிற்றில் வைத்திருந்த வெறும் கிண்ணம் குலுங்கியது.

ஒத்திகைக்கு மாடி வீட்டு மாமியையும் அழைத்துக்கொண்டு போனேன். மாமி ஒரு அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் பேப்பரைத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர். எனக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டுமே. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் ஆட்டோ குதித்துக் குதித்துப் போக, தூக்குவாளியை மடியில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாமா, தூக்குல இன்னா கீது? வாசனை தூக்குது" என்றார் ஆட்டோக்காரர்.

"மாவிளக்குப்பா. காலேஜ் நாடகத்துக்கு."

"நாடகத்துக்கு நெசமாவே மாவிளக்கா? சோக்காகீதே! முடிஞ்சதும் ஒரு உருண்டை நமக்கும் எடுத்து வைம்மா."

"முதல்ல பள்ளத்துல விடாம ஓட்டு. அப்புறம் பிரசாதம்" என்றார் மாமி.

"பள்ளத்த வுட்டா ரோடு எங்க கீது மாமி?"

அடையாறில் இருக்கும் அந்தக் கல்லூரி அரங்கத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். முன்வரிசையில் நாடகத்தை நடத்தும் இங்கிலீஷ் டீச்சர். திரை விலகியது. என் மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு என் பெண் மேடையில் படுத்திருக்கிறாள். வயிற்றில் என் மாவிளக்கு நின்று எரிகிறது. பின்னால் துணியில் எழுதிய அம்மன் படம். நாடகம் என்பது மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஒரு தாயும் அதையே செய்தாள்.

துரை வந்தான். என் மகளின் சிநேகிதிதான், நெட்டையான பெண். ஒட்டு மீசை, தொப்பி, யாரிடமோ இரவல் வாங்கிய கனத்த பூட்ஸ். கையை நீட்டி ஏதோ கத்தினாள்.

"இந்தப் பொம்மனாட்டியை ஊர்க்காரா உயிரோட எரிக்கறான்னு நெனச்சுண்டு கத்தறான்" என்று மாமி என் காதில் சொன்னார்.

அடுத்த நொடி அந்தப் பெண் காலை வீசி விளக்கை உதைத்தாள். இலையோடு பறந்து, மேடை ஓரத்தில் விழுந்து இரண்டாக உடைந்தது. நெய் சிந்தி ஓடியது. திரி புகைந்து கறுத்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்து, "பர்ஃபெக்ட்!" என்றார்.

எனக்கு என்ன நடந்தது என்றே பிடிபடவில்லை. துரை இப்போது மன்னிப்புக் கேட்பான், அம்மன் ஏதாவது காட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலாக என் பெண் எழுந்து, திருதிருவென்று முழித்து, அந்த பூட்ஸ் முன்னால் குனிந்து, "தேங்க் யூ, மாஸ்டர்" என்றாள். இன்னும் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா மாமி?"

"'குருடா இருந்தேன், கண்ணைத் திறந்து வெச்சேள்'ங்கறா" என்றார். பிறகு, "அவன், 'நன்றியெல்லாம் வேண்டாம் பெண்ணே, இது என் கடமை'ங்கறான்."

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. குனிந்து மாவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், அதுதான் நினைவு. ஒரு துண்டில் பூட்ஸின் அடித்தடம் அப்படியே பதிந்திருந்தது. வெறும் வயிற்றோடு, வேண்டுதலோடு பிசைந்த மாவு.

"அம்மா, எறங்கும்மா. ப்ளீஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் என் மகள்.

துரைப் பெண் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தானும் பொறுக்கினாள். மீசை ஒரு பக்கம் தொங்கியது. "சாரி ஆன்ட்டி, ஸ்க்ரிப்ட்ல அப்படித்தான் இருக்கு. சத்தியமா மைதான்னு நெனச்சேன் ஆன்ட்டி."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

அந்த மாவை எங்கள் தெருமுனைக் கோயில் வேப்பமரத்தடியில் கால் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். சாயங்காலம் வெளியே வந்ததும் சண்டை.

"எல்லாரும் சிரிச்சாங்க தெரியுமா? வர்ற வியாழக்கிழமை வெளிக் காலேஜ்லேருந்தெல்லாம் ஜட்ஜ் வர்றாங்க. எனக்கு இந்த ரோல் கிடைக்க எவ்வளவு பாடுபட்டேன்! இதுல நல்லாப் பண்ணினாத்தான் அடுத்து டெல்லி நாடகத்துக்கு எடுப்பாங்க. நீ என்னடான்னா பிரசாதம் பொறுக்குற."

"அந்தப் புத்தகத்தை எடு."

"எதுக்கு?"

"வரிக்கு வரி சொல்லு. அவன் என்ன எழுதியிருக்கான்னு நான் தெரிஞ்சிக்கணும்."

முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டேன். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் படித்தாள். கல்லூரி நூலகத்துப் புத்தகம், பதினைந்து பக்கக் கதை. அந்த ஊர், மரம், வெயில், குதிரை, குதிரையின் வாயில் நுரை எல்லாவற்றுக்கும் அழகழகான சொல். குதிரைக்குப் பெயர்கூட இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. 'அந்த ஜீவன்' என்று ஓரிடத்தில், 'கறுத்த உருவம்' என்று ஓரிடத்தில். ஊர்க்காரர்கள் மொத்தமாக நிழல்களாம், முணுமுணுக்கும் நிழல்கள். ஒருத்தரும் ஒரு வாக்கியம் பேசவில்லை.

"பேசவே இல்லையா? பூசாரி? அவ புருஷன்?"

"இல்லம்மா. துரைதான் பேசுறார்."

"அவளாவது?"

"கடைசியில. தேங்க் யூ மட்டும்."

கீரை உருவுவதை நிறுத்திவிட்டேன். "அவன் அந்த ஊருக்கு எதுக்கு வந்தான்?"

பக்கங்களைப் பின்னால் தள்ளித் தேடினாள். "தீர்வை வசூலுக்கு... மழை பொய்ச்ச வருஷம்னு ஒரு இடத்துல வருது."

"எத்தனை பக்கம்?"

"பக்கம் இல்லம்மா. பாதி வாக்கியம்."

கேட்டுக்கொள்ளுங்கள். மழையில்லாத வருஷத்தில் நிலத்தீர்வை வாங்கக் குதிரையில் வந்தவன். அது பாதி வாக்கியம். விளக்கை உதைத்து அவளைக் 'காப்பாற்றியது' ஆறு பக்கம். கதை முடிவில் கூடாரத்தில் உட்கார்ந்து யோசிக்கிறானாம்: நாம் போய்விட்டால் இந்தப் பாவப்பட்ட ஜனங்களின் கையை யார் பிடிப்பார்கள் என்று. கையை விட்டால் போதும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? யாரையும் அவன் பேசவிடவில்லையே.

எனக்கு வயிறு எரிந்தது. இதே விளக்கைப் பற்றி எங்கள் வீட்டிலும் வாதம் உண்டு. என் கொழுந்தனார் சாமி இல்லை என்பவர். 'அண்ணி, தீயை வயித்துல வச்சா காய்ச்சல் எறங்குமா? அரிசி மாவுதான் வீண்' என்று முகத்துக்கு நேரே சொல்வார். சொல்லிவிட்டு இரண்டு உருண்டை தின்றுவிட்டுப் போவார். நானும் வாய்க்கு வந்தபடி திருப்பிச் சொல்வேன். அது எங்கள் சண்டை. அவர் என் விளக்கைக் காலால் தொட்டதில்லை. தொட்டுவிட்டு, அதற்கு நான் நன்றி சொன்னதாக ஊருக்கெல்லாம் எழுதி வைக்கவில்லை.

புத்தகத்தின் கடைசியில் ஒரு கட்டுரை இருந்தது. நம் நாட்டுக்காரர் ஒருவர் பிற்பாடு எழுதியது. அதையும் படிக்கச் சொன்னேன். இந்த மாதிரிக் கதைகளில் எப்போதும் ஒரு பெண் ஆபத்தில் கிடப்பாள், ஒரு வெள்ளைக்காரன் வந்து மீட்பான், ஆள்வதை மருந்து கொடுப்பது போலக் காட்டுவதற்கு இது ஒரு வழி என்று எழுதியிருக்கிறாராம். இங்கிலாந்திலேயே சிலர் அந்தக் காலத்தில் இதையெல்லாம் கண்டித்தார்கள் என்றும் இருந்ததாம். எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"சரி, குழந்தைக்கு என்ன ஆச்சு?"

"எந்தக் குழந்தை?"

"காய்ச்சல்ல கெடந்த பிள்ளைடி! அதுக்குத்தானே அவ படுத்தா? பிழைச்சுதா, இல்லையா?"

என் மகள் கதையைத் திரும்பப் புரட்டினாள். இரண்டாவது பக்கத்தில் ஒரு துணித்தூளியில் குழந்தை அழுகிறது. அதோடு சரி. துரை குதிரையை விட்டு இறங்கினதும் குழந்தையை மறந்துவிட்டான். எழுதினவனும் மறந்துவிட்டான். கட்டுரையைப் புரட்டினாள். அதிலும் இல்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இதை யாருமே கேக்கலம்மா" என்றாள்.

இதைக் கேட்கப் படிப்பா வேண்டும்? காய்ச்சலில் கிடந்த பிள்ளையோடு ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்திருந்த எவளுக்கும் முதலில் அதுதான் தோன்றும்.

அன்றைக்குப் படுத்தபோது இன்னொன்றும் குடைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் வளர்ந்த துரை கதைகள் மட்டும் என்ன யோக்கியம்? துரை வந்து கும்பிட்டால்தான் அம்மனுக்கு மகிமை என்று நாமே சொல்லிக்கொண்டு திரிந்தோம். தினமும் வந்து கும்பிட்ட கூலிக்காரியின் பெயரை எந்தக் கோயில் கதையிலாவது சொன்னோமா? அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் 'அப்புறம் என்ன' என்று கேட்காமல் என் கையாலேயே மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது.

திங்கட்கிழமை டீச்சரைப் பார்க்கப் போனேன். மகள் வேண்டாம் என்றாள், ஆனாலும் கூடவே வந்தாள். டீச்சர் மரியாதையானவர்தான். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"உங்க ஃபீலிங்ஸ் எனக்குப் புரியுதும்மா. ஆனா இந்த எழுத்தாளர் மத்தவங்க மாதிரி இல்ல. நம்ம ஜனங்க மேல பிரியம் உள்ளவர். அந்தக் காலத்துக்கு இவர் எவ்வளவோ பரவாயில்ல."

"பிரியம் உள்ளவர்தான் உதைச்சாராம்மா?"

"அது ஒரு பதற்றத்துல... அவளைக் காப்பாத்தணும்னு. அதோட, இதுல இருக்குற ஆதிக்கப் பார்வையைப் பத்தி விமர்சனக் கட்டுரை இருக்கு. அதையும் நாங்க வகுப்புல நடத்துறோம்."

"வகுப்புல நாப்பது பேருக்கு நடத்துவீங்க. வியாழக்கிழமை ஐநூறு பேர் வருவாங்க. விமர்சனம் புத்தகத்துல கடைசிப் பக்கம், உதை மட்டும் மேடையில முன்னாடி. அப்போ ஜனங்க எதுக்குக் கை தட்டுவாங்க?"

டீச்சர் நாடகப் பிரதியை இழுத்துப் புரட்டினார். "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். உதைக்க வேண்டாம். துரை மெதுவா விளக்கை எடுத்து ஓரமா வைக்கட்டும். சரியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "அது இன்னும் மோசம்மா! உதைச்சவனை நல்லவனாக்கி வேற காட்டணுமா? உதைக்கட்டும். அவன் எழுதினதுதானே, அப்படியே உதைக்கட்டும். நன்றி சொன்னாள்னு எழுதியிருக்கான் பாருங்க, அது மட்டும் பொய். அவளைக் கேட்டானா? அதை எம் பொண்ணு வாயால சொல்ல வைக்காதீங்க."

"டயலாக்கை மாத்த முடியாதும்மா. மூலத்தை ஒரு வரிகூட மாத்தக் கூடாதுன்னு போட்டியில விதி. ஜட்ஜ் கையில புத்தகம் இருக்கும்." பிறகு என் மகளைப் பார்த்து, "உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடு. வேற பொண்ணு ரெடியா இருக்கா" என்றார்.

என் மகளின் முகம் செத்துப்போயிற்று. எவ்வளவு ஆசைப்பட்ட வேஷம். பிடுங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "அவளே முடிவு பண்ணட்டும்" என்று சொன்னேன். அவள் தரையைப் பார்த்தபடி, "நான் பண்றேன் மேம்" என்றாள்.

அந்த மூன்று நாளும் நாங்கள் அவ்வளவாகப் பேசிக்கொள்ளவில்லை. மாவு நான் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தெருக்கோடிக் கடையில் அரைக் கிலோ மைதா வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுக்காரர், "நாடகந்தானே, விட்டுத் தள்ளு. பிள்ளை நாலு பேர் முன்னாடி நல்லபடியா வரட்டும்" என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. 'தேங்க் யூ, மாஸ்டர்' என்று கண்ணாடி முன் நின்று அவள் சொல்லிப் பார்ப்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள், அழுதுகொண்டு, மெதுவாக, பயந்துகொண்டு.

வியாழக்கிழமை போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாமி விடவில்லை.

"ஏன்டியம்மா, கோவிச்சுண்டு ஆத்துல உக்காந்துண்டா துரை பயந்துடுவானா? கிளம்பு."

அரங்கம் நிரம்பி வழிந்தது. ஜட்ஜுகள் மூன்று பேர் மடியில் புத்தகத்தோடு இருந்தார்கள். திரை விலகியது. அதே மஞ்சள் புடவை, அதே படுக்கை. நான் சொல்லிக் கொடுத்த மாதிரி மூச்சை அடக்கிக் கிடந்தாள், சுடர் ஆடவில்லை. துரை வந்தான், கத்தினான், உதைத்தான். மைதா உருண்டை போய் 'தொப்'பென்று விழுந்தது. கைதட்டல் எழுந்தது.

என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். சிந்திக்கிடந்ததைப் பார்த்தாள். பிறகு துரையை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அரங்கம் காத்திருந்தது. துரைப் பெண் காத்திருந்தாள். மேடை ஓரத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கும் பெண், 'தேங்க் யூ... தேங்க் யூ, மாஸ்டர்' என்று கிசுகிசுத்தது எங்கள் வரிசைவரை கேட்டது. என் பெண் வாயைத் திறக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று முதலில் பதறினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா, மறந்த முகத்துக்கும் மறுத்த முகத்துக்கும் வித்தியாசம்?

துரைப் பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டியது. மூலத்தில் ஒரு வரியும் விடக் கூடாதே. வேறு வழி தெரியாமல், கையை உயர்த்தித் தன் அடுத்த வசனத்தைச் சொன்னாள்: நன்றியெல்லாம் வேண்டாம் பெண்ணே, இது என் கடமை.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "அவ எங்கடி தேங்க்ஸ் சொன்னா?"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் துரை தன் நீண்ட கடைசி வசனத்துக்குப் போக வேண்டியதாயிற்று. நான் போனால் இவர்கள் கையை யார் பிடிப்பார்கள் என்கிற வசனம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிரிப்பு. எதிரே என் பெண் அசையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. "நன்னாருக்கு! தானே குடுத்து தானே வாங்கிக்கறான்!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூறு வருஷமாக எத்தனை பேர் எத்தனை வகுப்பில் அந்தக் கதையைப் படித்திருப்பார்கள். படித்தவர்கள் ஒவ்வொருவர் எதிரிலும் அந்தத் தாய் குனிந்து குனிந்து நன்றி சொல்லியிருக்கிறாள், பிள்ளை தூளியில் கிடக்க.

பரிசு கிடைக்கவில்லை. மூலத்தை மாற்றியதற்காக மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். டெல்லி நாடகத்துக்கு வேறு பெண்ணை எடுத்திருக்கிறார்கள். துரைப் பெண் மட்டும் வீட்டுக்கு வந்து, "ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஐநூறு பேர் முன்னாடி லூசு மாதிரி நின்னேன்டி" என்று சண்டை போட்டாள். என் மகள், "சொன்னா நீ அந்த வசனத்தை விட்டிருப்ப" என்றாள். இருவரும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே காபி குடித்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு தாள் கொண்டுவந்தாள். கல்லூரியில் டைப் அடித்துக் கொடுத்தது. மூலப் படைப்பை அவமதித்ததற்கும் குழுவின் வாய்ப்பைக் கெடுத்ததற்கும் வருந்துகிறேன், இனி இப்படிச் செய்யமாட்டேன். கீழே மாணவி கையெழுத்துக்கு ஒரு கோடு, பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. மாணவி கோடு காலியாக இருந்தது.

"குழுவின் வாய்ப்பு போனதுக்கு நான் சாரி எழுதித் தர்றேன்மா. அவங்ககிட்ட நேர்லயும் கேட்டுட்டேன். மத்ததுக்கு எப்படிம்மா எழுதுறது?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் பயம் இருக்காதா? இன்னும் ஒன்றரை வருஷம் அங்கே படித்தாக வேண்டும்.

முதலில் நன்றி சொல்லச் சொன்னார்கள். இப்போது மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். இரண்டையும் அவர்களே எழுதி, வாயை மட்டும் நம்மிடம் கேட்கிறார்கள்.

வீட்டுக்காரர் கடையிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். தாளைப் படித்தார். வழக்கம்போல 'விட்டுத் தள்ளு' என்பார் என்று நினைத்தேன். மோவாயைத் தடவிக்கொண்டே, "விளக்கை உதைச்சதைப் பத்தி இதுல ஒண்ணும் காணோமே" என்றார்.

பேனாவை எடுத்தேன். பெற்றோர் என்று போட்டிருந்த கோட்டுக்கு மேலே தமிழில் எழுதினேன்: 'குழுப் பிள்ளைகளுக்கு வருத்தம் உண்டானதற்கு என் மகளும் நானும் வருந்துகிறோம். கதைக்காக வருந்தவில்லை. அந்தத் தாயின் குழந்தை என்ன ஆயிற்று என்று யாராவது சொன்னால், அதன் பிறகு மற்றதைப் பேசலாம்.' எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தாளை மடித்து அவள் பையில் வைத்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். டீச்சர் படித்துவிட்டு, நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துக்கொண்டு போனாராம்.